வரிசையும் தேர்வும்: ஐரோப்பிய உலாவித் தேர்வுத் திரை, 2009–2014

மைக்ரோசாஃப்ட் மீது 2013 மார்ச் 6 அன்று 56.1 கோடி யூரோ அபராதம் விதித்த ஐரோப்பிய ஆணையம், விண்டோஸ் கணினிகளில் காட்டப்பட்ட உலாவித் தேர்வுத் திரை பயனரிடையே நன்கு வெற்றி பெற்றது என்று மதிப்பிட்டது. 2010 நவம்பர் வரை அதன் வழியே 8.4 கோடி உலாவிகள் தரவிறக்கப்பட்டதே அதற்குச் சான்று. இந்த மதிப்பீட்டை ஏற்பது கடினம். தரவிறக்கம் ஒரு சொடுக்கின் கணக்கு மட்டுமே. திரையில் எந்த இடத்தில் நின்ற உலாவி சொடுக்கப்பட்டது, அது அடுத்த மாதமும் பயன்பட்டதா என்பவற்றுக்கு அந்த எண்ணில் விடையில்லை. ஆணையம் பட்டியலைக் கண்டது. பட்டியலின் வரிசையை எடைபோடவில்லை.

வரிசைக்கு எவ்வளவு எடை உண்டு என்பதை, இத்திரைக்காக மைக்ரோசாஃப்ட் ஆணையத்திடம் முன்வைத்த ஒப்பந்த வரைவுகளின் பாடபேதங்களே காட்டுகின்றன. 2009 ஜூலை வரைவு சந்தைப் பங்கின்படி உலாவிகளை அடுக்கியது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் முதலில் நின்றது. அக்டோபர் வரைவு நிறுவனப் பெயரின் அகரவரிசைக்கு மாறியதால் ஆப்பிளின் சஃபாரி முன்னே வந்தது. டிசம்பர் 16 அன்று ஆணையம் ஏற்ற இறுதி வடிவம், முதல் ஐந்து உலாவிகளும் குலுக்கல் முறையில் இடம்பெற வேண்டும் என்றது. ஆறு மாதத்தில் மூன்று வரிசைகள். இடம் பொருட்டில்லை என்றால் இத்தனை திருத்தம் எதற்கு?

இங்கே ஊன்றிப் படிக்கவேண்டியது, 2010இல் அந்தக் குலுக்கலைச் செய்த ஒற்றை நிரல்வரி. இரு உலாவிகளை ஒப்பிடும்போதெல்லாம் அரையிலிருந்து ஒரு தற்செயல் எண்ணைக் கழித்து, அந்த விடையைக் கொண்டு அது வரிசைப்படுத்தியது. ஒப்பீடுகள் ஒன்றுக்கொன்று முரணாதவை என்று நம்பித்தான் வரிசைப்படுத்தும் நிரல் இயங்குகிறது. ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் நாணயம் சுண்டினால் விளைவு ஒரு பக்கம் சாயும். ஐபிஎம் பொறியாளர் ராப் வியர் சோதித்தபோது, எக்ஸ்புளோரரில் திறந்த திரையில் எக்ஸ்புளோரரே ஏறக்குறையப் பாதி முறை கடைசி இடத்துக்குப் போனது. நியாயமான பங்கு ஐந்தில் ஒன்று. தன் உலாவியையே பின்னுக்குத் தள்ளிய பிழை என்பதால் சூழ்ச்சி என்று கொள்ள இடமில்லை. வெளியே தெரிந்ததும் மைக்ரோசாஃப்ட் நிரலைத் திருத்திவிட்டது. இச்சாய்வு சொடுக்குகளை எவ்வளவு மாற்றியது என்று இவ்வரி தனியே நிறுவாது. ஆயினும், சமவாய்ப்பு என்று உறுதியளிக்கப்பட்ட திரை தொடக்கத்தில் அதைத் தரவில்லை என்பது உறுதி, 8.4 கோடியின் முதற்பகுதி அந்தத் திரையில் சேர்ந்ததே.

பின்னர் விண்டோஸ் 7 கணினிகள் பலவற்றில் இத்திரை காட்டப்படாமல் மறைந்தது; அபராதமும் அதற்கே. அப்படி மறைந்தபோது தரவிறக்கம் சரிந்ததே என்று மறுக்கலாம். வலுவான மறுப்புதான்: நாளொன்றின் பயர்ஃபாக்ஸ் தரவிறக்கம் 63 விழுக்காடு குறைந்து 20,000 ஆனதாகவும், திரை மீண்டபின் ஏறத்தாழ 50,000 ஆனதாகவும் மொசில்லா 2012இல் கணக்குக் காட்டியது. ஆனால் இது திரையின் இருப்புக்கே சான்று; பயன்பாட்டுக்கு அல்ல. ஸ்டேட்கவுண்டர் கணக்கில் குரோம் 2012 மேயில் எக்ஸ்புளோரரை உலகளவில் முந்தியது. உலகின் பெரும்பகுதியில் அத்திரையே கிடையாது. மறைவின் தொடக்கமும் தெளிவாக இல்லை. விண்டோஸ் 7இன் முதல் சர்வீஸ் பேக் வெளியான 2011 பிப்ரவரியை மைக்ரோசாஃப்டின் விளக்கம் சுட்டுகிறது. ஆணையம் மே மாதத்திலிருந்து கணக்கிடுகிறது. புதிய பதிப்போடு கணினிகள் கடைக்கு வர எடுத்த காலம் இந்த இடைவெளியை விளக்கலாம். முடிவாகச் சொல்ல அது போதாது.

திரையைக் காட்டும் மைக்ரோசாஃப்டின் கடப்பாடு 2014 டிசம்பரில் முடிந்தது. 2024 மார்ச் முதல் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின்கீழ் கைபேசிகளில் அதே வகைத் திரை வந்திருக்கிறது. அதன் பயனை அளப்போர் தரவிறக்க எண்ணோடு நிற்காமல், ஒவ்வோர் இடத்துக்கும் விழுந்த சொடுக்கையும் பின்னர் நீடித்த பயன்பாட்டையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.