சைனா நூல்

‘‘இது சைனா நூல் சார். அறுவாது.’’

2002-ம் வருஷம். ஆரணியில் ஒரு நெசவாளர் வீடு. கூடம் முழுக்கத் தறிதான். மிச்சமிருந்த இடத்தில் நானும் ஒரு டம்ளர் டீயும். பத்திரிகை வேலைக்குப் புதுசு. தீபாவளிப் பட்டுப்புடவை பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வா என்று அனுப்பியிருந்தார்கள்.

‘‘பெங்களூரு நூலுன்னா பாவுல அப்பப்ப அறும். முடிச்சுப் போட்டே பாதிப் பொழுது போயிடும். இது வழவழன்னு போய்க்கினே இருக்கும்’’ என்றார் அவர். காலை மிதித்தார். நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடியது.

தீபாவளிக் கட்டுரையை எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த நூல் மட்டும் மனசில் சிக்கிக்கொண்டது.

சீனா நமக்கு யார்? 1962-ல் இமயமலையில் சண்டை போட்ட நாடு. அதற்குப் பிறகு பதினைந்து வருஷத்துக்கு மேல் வியாபாரமே கிடையாது. இரு தலைநகரங்களிலும் தூதர்கள்கூட இல்லை. 1976-ல்தான் மறுபடி நியமித்தார்கள். அப்படிப்பட்ட ஊரிலிருந்து கப்பலேறி, கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிற ஆரணிக்கு ஒரு நூல்கண்டு வந்து சேருகிறது என்றால், நடுவில் யாரோ ஒரு முடிச்சை அவிழ்த்திருக்க வேண்டும் அல்லவா?

அவிழ்த்தவர் ராஜீவ் காந்தி. நாள், 1988 டிசம்பர் 21. இடம், பீஜிங்கின் மக்கள் மகாமண்டபம்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். சீனாவுக்குப் போன முதல் இந்தியப் பிரதமர் நேரு. 1954 அக்டோபரில் போனார். வழியெல்லாம் கூட்டம், பூமழை, மாவோவுடன் நீண்ட பேச்சு. அதே வருஷம் ஏப்ரல் 29-ல் கையெழுத்தானதுதான் புகழ்பெற்ற பஞ்சசீலம். பஞ்சசீலம் என்றதும் பள்ளிக்கூடப் புத்தகத்து ஐந்து கொள்கைகள் ஞாபகம் வரும். ஆனால், அது உண்மையில் ஒரு வியாபார ஒப்பந்தத்தின் முன்னுரை. திபெத்தோடு இந்தியா எப்படி வணிகம் செய்வது, யாத்ரீகர்கள் எந்தக் கணவாய் வழியாகப் போவது என்பதெல்லாம்தான் உள்ளே இருந்த சரக்கு. எட்டு வருஷத்துக்குச் செல்லுபடியாகும் என்று போட்டிருந்தார்கள். 1962 ஜூனில் காலாவதியானது. புதுப்பிக்கவில்லை. அக்டோபரில் பீரங்கி பேசியது.

நடுவே 1956 டிசம்பரில் சூ என் லாய் சென்னைக்கே வந்தார். மாமல்லபுரம் பார்த்தார். ‘இந்தி சீனி பாய் பாய்’ கோஷம் உச்சத்தில் இருந்த காலம். நாலே வருஷத்தில், 1960 ஏப்ரலில், அதே சூ என் லாய் டெல்லியில் எல்லை பற்றிப் பேசிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

போருக்குப் பிறகு இந்தியாவின் நிலை ஒரே வரி. முதலில் எல்லை, அப்புறம்தான் மற்றது. நியாயமான வரிதான். இடம் பறிபோனவன் வேறென்ன சொல்வான்? ஆனால், அந்த வரியைச் சொல்லிக்கொண்டு கால் நூற்றாண்டு உட்கார்ந்திருந்ததில் எல்லையும் தீரவில்லை, மற்றதும் நடக்கவில்லை. 1979 பிப்ரவரியில் வெளியுறவு மந்திரியாக வாஜ்பாய் போனார். அவர் அங்கே இருக்கும்போதே சீனா வியட்நாம் மீது பாய்ந்தது. பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார். 1986-ல் அருணாசலப் பிரதேசத்தின் சும்தோரோங் சூ பள்ளத்தாக்கில் சீனர்கள் வந்து கூடாரம் போட, இந்தியா ஹெலிகாப்டரில் படைகளை இறக்கியது. அப்போது ராணுவத் தளபதி யார் தெரியுமா? செங்கல்பட்டில் பிறந்த சுந்தர்ஜி. இன்னொரு போர்தான் என்று உலகமே நினைத்தது. நல்லவேளை, யாரும் முதல் குண்டைச் சுடவில்லை.

இந்தச் சூழலில்தான் ராஜீவ் கிளம்பினார். கட்சிக்குள்ளேயே முணுமுணுப்பு. 34 வருஷமாக எந்தப் பிரதமரும் போகாத ஊர். தாத்தா ஏமாந்த இடத்துக்குப் பேரனும் போகிறாரே என்ற பேச்சு.

டிசம்பர் 19-ம் தேதி பீஜிங்கில் இறங்கினார். அன்றைக்குத்தான் இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல், பிரேமதாசா ஜெயித்தார். நம் அமைதிப்படை அங்கே மாட்டிக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டில் ஜனாதிபதி ஆட்சி, ஜனவரி 21-ல் சட்டமன்றத் தேர்தல். மூப்பனாரா, கலைஞரா, ஜெயலலிதாவா, ஜானகியா என்று டீக்கடைகளில் பட்டிமன்றம். பீஜிங்கில் என்ன நடக்கிறது என்று ஆரணியில் யார் பார்த்திருக்கப் போகிறார்கள்?

பார்த்திருந்தால் ஒரு விநோதமான காட்சி தெரிந்திருக்கும். டெங் சியாவோபிங்குக்கு வயது 84. ராஜீவுக்கு 44. பெரியவர் கையைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. கேமராக்கள் ஓடுகின்றன. கிட்டத்தட்ட மூன்று நிமிஷம் குலுக்கிக்கொண்டே இருந்தார் என்று எழுதினார்கள். ‘இளம் நண்பரே’ என்று கூப்பிட்டார். நடந்ததை மறப்போம், முன்னால் பார்ப்போம் என்பது அவர் பேச்சின் சாரம். இந்தியாவும் சீனாவும் வளராமல் ஆசியாவின் நூற்றாண்டு என்று ஒன்று வரவே வராது என்றும் சொன்னார்.

மூன்று முறை பதவியிலிருந்து தூக்கி எறியப்பட்டு, மூன்று முறையும் எழுந்து வந்தவர் டெங். அவர் காரணமில்லாமல் யார் கையையும் மூன்று நிமிஷம் பிடித்துக்கொண்டிருக்க மாட்டார். 1978-லிருந்து கதவைத் திறந்து வைத்து விற்கத் தொடங்கியிருந்தார். சந்தை வேண்டும். எல்லையில் தகராறு இருந்தால் தொழிற்சாலைக்குப் போக வேண்டிய பணம் பீரங்கிக்குப் போகும். ராஜீவுக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். சோவியத் யூனியன் சீனாவோடு சமாதானம் பேசத் தொடங்கிவிட்டது. கோர்பசேவை நம்பி இந்தியா மட்டும் முறைத்துக்கொண்டு நிற்க முடியாது.

நான் பி.காம். படித்தவன். முதல் வருஷம் முதல் வாரத்தில் ஒரு விதி சொல்லிக் கொடுப்பார்கள். உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை. ராஜீவின் பயணத்தை அப்படி எழுதிப் பார்க்கலாம்.

உள்ளே வந்தது என்ன? எல்லை பற்றிப் பேச ஒரு கூட்டுப் பணிக்குழு. பொருளாதாரம், வர்த்தகம், அறிவியலுக்கு இன்னொரு கூட்டுக்குழு. அறிவியல் தொழில்நுட்ப ஒப்பந்தம், விமானப் போக்குவரத்து ஒப்பந்தம், கலாசாரப் பரிமாற்றம். (விமான ஒப்பந்தம் போட்டார்களே தவிர, நேரடி விமானம் பறக்க 2002 ஆனது. பதினாலு வருஷம்!) வெளியே போனது என்ன? ‘முதலில் எல்லை’ என்ற அந்தப் பழைய வரி. திபெத் சீனாவின் பகுதி என்று மறுபடி ஒரு தடவை சொல்லவும் வேண்டியிருந்தது.

எல்லை ஒரு அறையில் பேசப்படட்டும், வியாபாரம் அடுத்த அறையில் நடக்கட்டும், ஒன்றுக்காக இன்னொன்று காத்திருக்க வேண்டாம் என்பதுதான் அந்தப் பயணத்தின் சாரம். சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். ஆனால், வியாபார அறையில் யார் உட்காருவது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

விருந்து கொடுத்தவர்களில் ஒருவரான ஜாவோ சியாங் ஆறே மாதத்தில், தியானன்மென் ரத்தத்தோடு பதவி இழந்தார். ராஜீவ் அந்த நவம்பரில் தேர்தலில் தோற்றார். 1991 மே 21 இரவு, ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார். பதில் மரியாதையாக லி பெங் அந்த டிசம்பரில் டெல்லி வந்தபோது, அழைத்த மனிதர் இல்லை. ஆனாலும் கதவு திறந்தே இருந்தது. பீஜிங்குக்கு ராஜீவோடு போயிருந்த வெளியுறவு மந்திரி நரசிம்ம ராவ், 1993 செப்டம்பரில் பிரதமராகப் போய் எல்லையில் அமைதி காக்கும் உடன்பாட்டில் கையெழுத்துப் போட வைத்தார்.

இனி நூலுக்கு வருவோம்.

சீனப் பட்டு நமக்குப் புதுசில்லை. அர்த்தசாஸ்திரத்திலேயே ‘சீனபட்ட’ இருக்கிறது. 1077-ல் குலோத்துங்க சோழன் அனுப்பிய 72 பேர் கொண்ட தூதுக்குழு சீன அரசவைக்குப் போய்ச் சரம் சரமாகச் செப்புக்காசு வாங்கி வந்ததைச் சீன ஆவணங்கள் சொல்கின்றன. அதாவது, ‘நல்லுறவுப் பயணம்’ என்ற பெயரில் வியாபாரம் பேசுவது ஆயிரம் வருஷப் பழக்கம்.

ஆரணித் தறிக்குப் பழகிய நூல் மைசூர் நூல். மைசூர் ராஜ்ஜியத்தில் பட்டுப்புழு வளர்ப்பைத் தொடங்கி வைத்தவர் திப்பு சுல்தான். அவர் அப்பா ஹைதர் அலி ஆயுதங்களைக் குவித்து வைத்திருந்தது ஆரணிக் கோட்டையில். அதைக் குறிவைத்து அயர் கூட் வந்து 1782 ஜூனில் சண்டை போட்டது இதே ஊருக்கு வெளியேதான். அப்பா வெடிமருந்து வைத்த ஊருக்கு மகனின் பட்டு வந்து சேர்ந்தது.

அந்த மைசூர்ப் பட்டுக்கு முதல் அடி 1930-களிலேயே விழுந்தது. சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் மலிவு நூல் கொட்ட, விவசாயிகள் மல்பெரித் தோட்டங்களை அழித்தார்கள். வெள்ளைக்கார அரசாங்கமே இரங்கி 1934-ல் பாதுகாப்பு வரி போட்டது.

அதே கதை மறுபடி நடந்தது. 1991-க்குப் பிறகு இறக்குமதிப் பூட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. 2001 ஏப்ரலில் கடைசிப் பூட்டும் போனது. 1991-ல் முப்பது கோடி டாலரைத் தொடாத இந்திய-சீன வர்த்தகம் 2000-ல் 290 கோடியைத் தாண்டியிருந்தது. அதில் ஓர் இழைதான் ஆரணிக்கு வந்த அந்த நூல். ராஜீவின் கைகுலுக்கல் மட்டுமே அதைக் கொண்டுவந்தது என்று சொன்னால் அது பொய். தாராளமயம் வந்தது, உலக வர்த்தக அமைப்பு வந்தது. ஆனால், அந்தக் கை குலுக்கப்படாமல் இருந்திருந்தால் கப்பல் கிளம்பியிருக்காது.

நெசவாளிக்குக் கொண்டாட்டம். சீனாவின் வெண்கூட்டுப் பட்டு ஒரே சீராக, நீளமாக வரும். நம் ஊர் வெயிலில் வளரும் மஞ்சள் கூட்டின் இழை குட்டை, ஏற்ற இறக்கம் அதிகம். விலையும் சீன நூல்தான் குறைவு.

அதே சமயம் ராமநகரத்திலும் தர்மபுரியிலும் கூடு விற்க வந்த விவசாயி, விலையைக் கேட்டுத் தலையில் கை வைத்தான். பட்டுப்புழுவைக் காத்திருக்க வைக்க முடியாது. கூடு கட்டிய சில நாட்களில் விற்றாக வேண்டும், இல்லாவிட்டால் அந்துப்பூச்சி ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடும். கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

2003-ல் சீனப் பட்டுக்குப் பொருள்குவிப்பு எதிர்ப்பு வரி போட்டது அரசாங்கம். விவசாயி கும்பிட்டான். நெசவாளி திட்டினான். வேடிக்கை என்னவென்றால், அதே 2003 ஜூனில் வாஜ்பாய் பீஜிங் போய், நாதுலா கணவாய் வழியாக வியாபாரம் செய்ய ஒப்பந்தம் போட்டார். 2006 ஜூலையில் கணவாய் திறந்தது. அந்த வழியாக இந்தியாவுக்குள் வரலாம் என்று அனுமதித்த பதினைந்து பொருட்களின் பட்டியலைப் பாருங்கள்: ஆட்டுத்தோல், குதிரை, உப்பு, யாக் வால், அப்புறம் கச்சாப் பட்டு! ஒரு கை வரி போடுகிறது, இன்னொரு கை வழி திறக்கிறது.

அதன் பிறகு சுங்கவரி ஆடிய ஆட்டத்தைத் தனியாக எழுத வேண்டும். 2011 பட்ஜெட்டில் 30 சதவிகிதத்திலிருந்து 5-க்கு இறக்கினார்கள். 2013-ல் 15-க்கு ஏற்றினார்கள். அப்புறம் 10. 2021-ல் மறுபடி 15. ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஆரணியில் ஒருவன் சிரித்தால் கிருஷ்ணகிரியில் ஒருவன் அழுதான். அடுத்த வருஷம் மாற்றி. இரண்டு பேரும் நம் ஆட்கள்தான். அவர்களை எதிரும் புதிருமாக நிறுத்திய கணக்கில் சீனாவுக்கு நஷ்டமே இல்லை.

2019 அக்டோபரில் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? சிறுமுகை நெசவாளர்கள் நெய்த சிவப்புப் பட்டில் அவர் முகத்தையே பரிசாகக் கொடுத்தார் மோடி. பட்டைக் கண்டுபிடித்த நாட்டின் அதிபருக்குப் பட்டு. அந்த இழை எந்த ஊர்ப் புழுவுடையது என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. எட்டே மாதத்தில், 2020 ஜூன் 15-ல் கல்வான். இந்திய வீரர்கள் இருபது பேர் இறந்தார்கள். ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்.

விமானம் நின்றது, விசா நின்றது, செயலிகளைத் தடை செய்தார்கள். வியாபாரம் நிற்கவில்லை. அடுத்தடுத்த அறைகள், ஞாபகமிருக்கிறதல்லவா? 2024-25-ல் சீனாவோடு நம் வர்த்தகப் பற்றாக்குறை சுமார் 9,900 கோடி டாலர். 2024 அக்டோபரில் கசானிலும், 2025 ஆகஸ்டில் தியான்ஜினிலும் தலைவர்கள் மறுபடி கை குலுக்கினார்கள்.

சமீபத்தில் ஆரணி போயிருந்தேன். அதே வீடு. பெரியவருக்கு இப்போது முட்டி வலி. ‘‘இன்னும் சைனா நூல்தானா?’’ என்றேன்.

‘‘அது முன்ன மாதிரி இல்ல சார். பெங்களூரு நூலே இப்ப நல்லா வருது, அறுறதில்ல. மிஷின்ல எடுக்குறாங்களாமே.’’

உண்மைதான். இந்தியாவின் பட்டு உற்பத்தி 2023-24-ல் சுமார் 38,900 டன்னைத் தொட்டது. இறக்குமதி இருபது வருஷத்துக்கு முன்பு இருந்ததில் பாதிகூட இல்லை. கர்நாடகத்தில் தானியங்கி நூற்பு இயந்திரங்கள் வந்துவிட்டன. அந்த இயந்திரங்களை எங்கிருந்து வாங்கினார்கள் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. சீனாவிலிருந்துதான்.

தறியில் பாதி நெய்த புடவை ஒன்று அப்படியே நின்றிருந்தது. மகன் எங்கே என்று கேட்டேன்.

‘‘செய்யாறு சிப்காட்ல ஷூ கம்பெனி சார். காலைல பஸ்ஸு வந்து ஏத்திக்கினு போயிடும்’’ என்றவர், நாடாவை எடுத்து என் கையில் கொடுத்தார். ‘‘நூலுக்கு இப்ப ஒரு கொறையும் இல்ல. ஒக்கார ஆளுதான் இல்ல.’’