தருமம் வேறு, கடமை வேறு

சமீப காலமாகக் கம்பெனிகளின் 'சமூகப் பொறுப்பு' என்னும் சொல் நமது காதில் அடிக்கடி விழுந்து வருகின்றது. மரம் நடுதல், இரத்த தானம் செய்தல், பள்ளிக்கூடத்துக்குக் கணினி வழங்குதல், பெருநாள் காலங்களில் ஏழைகளுக்கு அரிசி மூட்டை கொடுத்தல் ஆகிய காரியங்களெல்லாம் இப்பெயரால் நடைபெறுகின்றன. வருஷ முடிவில் அவை படங்களோடு அழகிய புத்தகமாக வெளியாகின்றன. இவற்றைக் குறைகூற நாம் வரவில்லை. பசித்தவனுக்கு வந்த அரிசி யாருடைய அரிசியாயினும் அரிசிதான். ஆனால் இது நேற்றுப் பிறந்த ஒரு புதிய தருமமென்று நினைத்துவிடலாகாது. இதற்கொரு சரித்திரம் உண்டு. அதன் பெரும்பகுதி நமது பாட்டனார் பாட்டிமார் குடியிருந்த லயங்களிலேயே நடந்ததாகும்.

நாம் தோட்ட ஆபீசில் கிராணி உத்தியோகம் பார்ப்பவர். செக்ரோல் எழுதுவதும், பதிவேடு நிரப்புவதும், மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புவதுமே நமது பிழைப்பு. ஏட்டில் ஒரு வரி எவ்விதம் ஏறுகின்றது, எவ்விதம் ஏறாமற் போகின்றது என்பது நமக்குத் தெரியும். ஆங்கிலப் பள்ளியில் படித்தவராதலால் கம்பெனிகளின் அறிக்கைகளை வாசிக்கவும் நேருகின்றது. அவற்றைப் பழைய தோட்டத்துச் சரித்திரத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலாயாவுக்கு நம்மவரைக் கொண்டு வந்த ஒப்பந்தக் கூலி முறை 1910-ஆம் வருஷத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்னதாகவே 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று ஏற்பட்டது. தமிழ்த் தொழிலாளரை வைத்து வேலை வாங்கும் முதலாளிகள் எல்லோரும் அந்நிதிக்குப் பணம் கட்ட வேண்டும்; அதிலிருந்து கூலியாளின் கப்பல் செலவு கொடுக்கப்படும்; அச்செலவு அவன் தலையில் கடனாக விழாது. இதை ஏற்படுத்தியவர்கள் இரக்கத்தால் மட்டும் செய்தார்களென்று சொல்வதற்கில்லை. ரப்பருக்கு ஆள் தேவைப்பட்டது. ஆள் தடையின்றி வர வழி செய்தார்கள். எனினும், வேலைக்கு ஆள் வேண்டுகின்றவனே அவன் வரும் செலவையும் ஏற்க வேண்டும் என்னும் நியாயம் நூறு வருஷங்களுக்கு முன்பே இந்நாட்டில் ஒப்புக்கொள்ளப்பட்டது என்பதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறோம்.

அடுத்து வந்தவை 1912, 1923-ஆம் வருஷங்களின் தொழிலாளர் சட்டங்கள். குடியிருக்க வீடு, குடிக்க நல்ல தண்ணீர், நோய்க்கு மருத்துவம் ஆகியவற்றைத் தோட்டம் அளிக்க வேண்டுமென்று அவை விதித்தன. ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள ஒரே இனத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளிக்கூடமும் வைக்க வேண்டும் என்பது 1923-ஆம் வருஷத்துச் சட்டம். இவை ஐக்கிய மலாய் நாடுகளின் சட்டங்கள். 1909 வரை சயாமின் மேலாண்மையில் இருந்து, பின்னர் பிரிட்டிஷார் பார்வைக்குள் வந்த கெடா அக்கூட்டத்தில் சேரவில்லை. எனினும் தொழிலாளர் சட்டம் பின்னர் இங்கும் வந்தது. துரைமார் கொடுத்த கொடையென்று நமது முன்னோர் கைகூப்பி ஏற்றுக்கொண்ட பலவும் உண்மையில் சட்டம் விதித்த கடமைகளேயாகும்.

சட்டம் மாத்திரம் போதுமானதா? போதாது. பள்ளிக்கூடம் இருக்க வேண்டுமென்று சட்டம் சொல்லிற்று. பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோ ஓய்வு நேரத்தில் ஆசிரியராய் அமர்ந்தார். பதிவேட்டில் 'பள்ளிக்கூடம் உண்டு' என்று ஏறிற்று; பிள்ளைக்கு எழுத்து ஏறியதா என்று கேட்பாரில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நமது உத்தியோகத்தைப் பற்றியே சொன்ன பழமொழி போலும்!

கள்ளுக்கடையின் கதை இதனினும் விசித்திரமானது. தோட்டத்துக் கள்ளுக்கடையின் லாபத்தைத் தொழிலாளர் நன்மைக்கே செலவிடுவது என்பது அக்காலத்து ஏற்பாடு. தொழிலாளியின் கூலி கள்ளுக்கடைக்குப் போகும். அதிலொரு பகுதி அவனுடைய நலத்துக்கென்று திரும்பி வரும். கொடுத்தவனும் அவனே, பெற்றவனும் அவனே. பேர் மட்டும் தோட்டத்துக்கு! யுத்தம் முடிந்தபின், 1946, 1947-ஆம் வருஷங்களில், பீடோங் அருகிலுள்ள ஹார்வார்டு தோட்டத்து ஏ. எம். சாமி அவர்களின் தலைமையில் கெடாவின் தொண்டர் படையினர் இக்கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளம்பினர். சர்க்கார் அவ்வியக்கத்தை அடக்கியது. ஆயினும் 'எங்களுக்கு நன்மை எது என்பதை எங்களையும் கேட்டுச் செய்யுங்கள்' என்று தோட்டத்து ஜனங்கள் வாய்திறந்து சொன்னது அங்கேதான்.

நிற்க. இனி நமது காலத்துக்கு வருவோம். நாட்டின் முதலாவது உயர் தொழில்நுட்பப் பூங்காவாகிய கூலிம் ஹைடெக் பூங்கா 1996-இல் திறந்து வைக்கப்பட்டது. இன்டெல், இன்ஃபினியன் முதலிய பெருங் கம்பெனிகள் அங்கே ஆலை வைத்திருக்கின்றன. பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வெள்ளை அங்கி அணிந்து அவ்வாலைகளில் முறைவேலை பார்க்கின்றார்கள். இது முன்னேற்றமே, மறுப்பார் யார்?

அறிக்கை விஷயத்திலும் விதிகள் வளர்ந்துள்ளன. மலேசியப் பங்குச் சந்தையாகிய புர்சா மலேசியா, சுற்றுச்சூழல், வேலையிடம், சமூகம், சந்தை என்னும் நான்கு தலைப்புகளில் 2006-இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. பட்டியலிலுள்ள கம்பெனிகள் தம் சமூகப் பணிகளை ஆண்டறிக்கையில் சொல்லியாக வேண்டும் என்பது 2007 முதல் நடைமுறைக்கு வந்தது. 2015-இல் அவ்விதி மேலும் விரிவாக்கப்பட்டது. இந்தியாவிலோ 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் தம் சராசரி லாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டுமென விதிக்கின்றது. இங்கே சொல்லத்தான் விதி உண்டு. இவ்வளவு கொடு என்னும் விதியில்லை. மேலும் கூலிமிலுள்ள அயல்நாட்டு ஆலைகளின் அறிக்கை அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் உள்ள தலைமையிடங்களில் தயாராகின்றது. முற்காலத்தில் தோட்டக் கணக்கு லண்டன் பங்குதாரர் முன் வாசிக்கப்பட்டதை இது நினைவூட்டவில்லையா?

அறிக்கைகள் பெருகிய இக்காலத்திலேதான் இவையும் நடந்தன. மலேசியாவின் மின்னணு ஆலைகளில் 501 தொழிலாளரைக் கண்டு பேசிய வெரிட்டே என்னும் ஸ்தாபனம், அவர்களுள் நூற்றுக்கு 28 பேர் கட்டாய வேலை நிலையில் இருந்ததாக 2014-இல் வெளியிட்டது. வேலை பெறுவதற்காக ஏஜெண்டுக்குக் கட்டிய பணமும் அதனால் ஏறிய கடனும் இதற்கு முக்கிய காரணங்கள். அதன் பின்னரே, 2015-இல், மின்னணுக் கம்பெனிகளின் கூட்டமைப்பு தொழிலாளியிடம் அக்கட்டணம் வாங்கலாகாதென்று தன் விதியில் எழுதியது. ரப்பர்ப் பாலில் கையுறை செய்யும் டாப் குளோவ் கம்பெனியின் சரக்கை 2020-இல் அமெரிக்கச் சுங்க இலாகா தடுத்தது. பின்பு அக்கம்பெனி தன் அயல்நாட்டுத் தொழிலாளருக்கு ஏறத்தாழ 13 கோடியே 60 லட்சம் ரிங்கிட்டைத் திருப்பிக் கொடுக்க ஒப்பியது. தடை 2021-இல் நீங்கியது. 1907-இல் ஒப்புக்கொண்ட நியாயத்தை மறுபடியும் நிலைநாட்ட நூறு வருஷங்களுக்கு மேல் ஆயின! புத்தகத்தின் படங்கள் அதைச் செய்யவில்லை. வெளியே இருந்து ஒருவர் வந்து விசாரித்ததே செய்தது.

வீட்டு விஷயமும் அப்படியே. தொழிலாளர் குடியிருப்புக்கான 1990-ஆம் வருஷத்துச் சட்டம் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்குமே உரியதாயிருந்தது. 2019-இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் தீபகற்பத்தின் எல்லாத் தொழில்களுக்கும் அது பொருந்தலாயிற்று. லயத்துக்காகப் பிறந்த சட்டம் இன்று ஆலை விடுதிக்கும் காவலாக நிற்கின்றது.

நாம் கண்ட ஒரு காட்சியையும் சொல்லிவிடுகிறோம். ஒரு தோட்டத்தில் பள்ளிச் சுவருக்கு வர்ணம் பூசும் வைபவம் நடந்தது. துரை தூரிகை பிடித்தார், படம் எடுத்தார்கள். அறிக்கைக்கான வாசகத்தை எழுதியவர் நாமே. அதே மாதத்தில் ஆயாக்கொட்டகை மூடப்பட்டது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தாய் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். அதை எழுத எந்தப் படிவத்திலும் இடமில்லை, நாமும் எழுதவில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுதச் செய்தது.

ஆகவே வாசகர்களே, இனி அத்தகைய புத்தகம் கையில் கிடைத்தால் நான்கு கேள்விகளைக் கேட்டு வாசியுங்கள். சட்டப்படி செய்தாக வேண்டியது எது, அதற்குமேல் மனமுவந்து செய்தது எது? காண்டிராக்ட் ஆட்களும் அயல்நாட்டாரும் கணக்கில் சேர்ந்தனரா? அவர்களை வரவழைத்த செலவை யார் ஏற்றார்? எழுதியதைச் சரிபார்க்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டா?

நமது பாட்டனார் நின்ற இடத்தில் இன்று நேபாளத்தாரும் வங்காளதேசத்தாரும் நிற்கின்றனர். 'அவர்கள் யாரோ' என்று நாம் முகம் திருப்புவோமானால் நமது சரித்திரத்தையே மறந்தவராவோம். தருமத்துக்கு நன்றி சொல்லலாம். கடமையைக் கேட்டுத்தான் பெற வேண்டும்.