உரோமப் படைவீரரும் பாசறைப் புறக்குடியும்

பாசறையில் மனைவியோடு உறைதல் வழக்கன்று எனத் தொல்காப்பியக் கற்பியல் கூறுவதைத் தமிழாசிரியர் அறிவர். ஏறத்தாழ அதே விதியை உரோமப் பேரரசும் தன் படைக்கு இட்டிருந்தது. ஆயினும் இரண்டிற்கும் வேற்றுமை பெரிது. நம் இலக்கியத் தலைவன் கார்ப்பருவம் வந்ததும் இல்லம் மீள்வான். உரோம வீரனோ 20, 25 ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். அத்தனை ஆண்டும் அவனுக்கு மணம் இல்லை என்றது சட்டம். இத்தடையை விதித்தவர் அகஸ்டஸ் என்பது பெரும்பாலோர் கருத்து.

சட்டம் சொல்லியதை வாழ்க்கை கேட்கவில்லை. கோட்டை மதிலுக்கு வெளியே கடைகளும் குடில்களும் எழுந்தன. பெரும்படைக் கோட்டைகளை அடுத்து எழுந்த இத்தகைய குடியிருப்பைக் 'கனாபே' என்றனர். வீரர் தம் மனைவி மக்களை அங்கே வைத்துக் காத்தனர். பிரித்தானியாவின் வட பகுதியிலுள்ள விண்டோலாண்டாக் கோட்டையில் பெண்டிர், சிறுவர் ஆகியோரின் தோற்செருப்புகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. கி.பி. 100-ஐ ஒட்டிய காலத்து மரச்சீட்டுகளும் அங்குக் கிடைத்தன. அவற்றுள் ஏறக்குறைய பன்னிரண்டு, வீரர்கள் தலைவனிடம் விடுப்பு வேண்டி எழுதிய விண்ணப்பங்கள். ஒருவன் கோரியா என்னும் ஊரில் விடுப்பைக் கழிக்க இசைவு கேட்கிறான். காரணம் எழுதவில்லை, எழுதியிருந்தால் நமக்கு எவ்வளவு பயனாக இருந்திருக்கும்!

இந்தக் கண்மூடிய இசைவினால் துன்புற்றோர் பெண்களே. எகிப்தில் லூப்பஸ் என்னும் ஆளுநரிடம் ஒருத்தி முறையிட்டாள். தான் ஒரு வீரனிடம் அடைக்கலமாகக் கொடுத்த பொருளைத் திரும்பப் பெற வேண்டும் என்பது அவள் வழக்கு. அடைக்கலம் என்ற பெயரில் வருவது சீதனமே என்பதை ஆளுநர் அறிவார். வீரனுக்கு மணமே கூடாதாகையால் சீதன வழக்கும் இல்லை எனக் கூறி, அவர் அதனை விசாரணைக்கு ஏற்கவில்லை. பிள்ளைகள் நிலையும் இதுவே. தந்தை பெயர் சொல்லி உரிமை கேட்க வழியில்லை. கி.பி. 119-இல் பேரரசர் ஹேட்ரியன் தம் கடிதம் ஒன்றால், அப்பிள்ளைகள் உறவினர் என்ற முறையிலேனும் தந்தையின் சொத்தைக் கோரலாம் என்று இரங்கினார்.

கி.பி. 197-இல் உள்நாட்டுப் போரில் வென்ற செப்டிமியஸ் செவரஸ் வீரரின் ஊதியத்தை உயர்த்தி, மனைவியரோடு உறையவும் இசைவளித்தார். இதனால் படையின் கட்டுப்பாடு தளர்ந்தது என்று வரலாற்றாசிரியர் ஹெரோடியன் குறைகூறுகிறார். மணத்தடையே நீங்கிற்றா, பாசறைக்குப் புறத்தே குடியிருக்கும் உரிமை மட்டும் கிடைத்ததா என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. எதுவாயினும், தன்னை அரியணையில் ஏற்றிய படைக்கு அவர் கொடுத்த கைம்மாறாகவே இது தோன்றுகிறது. அறம் கருதிச் செய்ததாகக் கொள்வதற்குச் சான்று குறைவு.

பாசறை ஓரிடத்தில் நிற்கும்வரை புறக்குடில் போதும். படை இடம் மாறும்போதே சிக்கல் முற்றியது. கி.பி. 69-இல், சிரியாவிலுள்ள படைகளை ஜெர்மானிய எல்லைக்கு மாற்ற விட்டெல்லியஸ் எண்ணுகிறான் என்று மூசியானஸ் பரப்பிய செய்தி, அங்குள்ளாரோடு உறவு பூண்டிருந்த வீரரைக் கொதிக்கச் செய்தது. அவர்கள் வெஸ்பேசியன் பக்கம் உறுதியாக நின்றனர்.

கி.பி. 360-இல் நடந்தது இன்னும் தெளிவானது. பாரசீகப் போருக்காகக் கால் நாட்டுப் படைகளைக் கிழக்கே அனுப்புமாறு இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் ஆணையிட்டார். ஆல்ப்ஸ் மலைக்கு அப்பால் தம்மைக் கொண்டுசெல்லலாகாது என்ற உடன்பாட்டின்மேல் படையில் சேர்ந்தவரும் அவர்களுள் இருந்தனர். ஒரு பிரிவின் பாசறையில் பெயரில்லா ஓலை ஒன்று கிடந்தது. தாம் போனபின் தம் மனைவி மக்கள் மீண்டும் அலமானியர்க்கு அடிமையாவர் என்பது அதன் புலம்பல். அதனைப் படித்த ஜூலியன், முறையீடு நியாயமானது எனக் கண்டு, குடும்பத்தாரும் உடன் செல்லலாம் என்று அரசாங்க வண்டிகளையும் தந்தார். இசைவு காலங்கடந்து வந்ததுபோலும். வழியில் பாரிசில் தங்கிய வீரர்கள் இரவில் அரண்மனையைச் சூழ்ந்துகொண்டனர். மறுநாள் ஜூலியனைக் கேடயத்தின்மேல் ஏற்றித் தூக்கிப் பேரரசர் என முழங்கினர்.