நிர்வாகியைத் தேடும் பிரிண்டர்

அலுவலகம் ஒன்று இடம் மாறும்போதோ மூடப்படும்போதோ, அங்கே உழைத்த கனமான லேசர் பிரிண்டர்கள் சொற்ப விலைக்கு வெளியே வருகின்றன. அப்படி ஒன்றை வாங்கி வந்து வீட்டு ரவுட்டரின் பின்பக்கத்தில் கேபிளைச் செருகினால் பச்சை விளக்கு எரியும். காகிதம் மட்டும் வெளியே வராது. உடனே பழியெல்லாம் இயந்திரத்தின் வயதின்மேல் விழுகிறது. வரலாற்றைப் புரட்டினால் அந்தப் பழி நிற்பதில்லை. பிரிண்டரை உருவாக்கியவர்கள், நெட்வொர்க்கைக் கவனித்துக்கொள்ள நிர்வாகி என்றொருவர் சம்பளத்துக்கு இருப்பார் என்று நம்பினார்கள். ரவுட்டரை உருவாக்கியவர்களுக்கோ, வீட்டில் அப்படி ஒருவர் இருக்க வழியே இல்லை என்று தெரிந்திருந்தது. இந்த இரண்டு எதிர்பார்ப்புகளுக்கும் நடுவில்தான் அந்தக் காகிதம் சிக்கிக்கொண்டிருக்கிறது.

லோக்கல் நெட்வொர்க் பிறந்ததே பிரிண்டருக்காகத்தான் என்று சொன்னால் அதில் மிகை கொஞ்சம்தான். 1971இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில், கேரி ஸ்டார்க்வெதர் ஒரு நகலெடுக்கும் இயந்திரத்தை மாற்றியமைத்து, அதன் உருளையில் லேசர் ஒளியால் எழுத வைத்தார். அதே கூடத்தில் ஆளுக்கொரு ஆல்டோ கணினி என்ற திட்டமும் நடந்துகொண்டிருந்தது. ஆளுக்கொரு லேசர் பிரிண்டர் என்பது அன்று கனவிலும் கட்டுப்படியாகாத செலவு. கணினிகளை ஒன்றோடொன்றும் அந்த ஒற்றைப் பிரிண்டரோடும் இணைக்க வழி தேடிய ராபர்ட் மெட்காஃப், 1973 மே மாதம் எழுதிய குறிப்பில்தான் ஈதர்நெட் என்ற பெயர் முதலில் வருகிறது. இன்று ரவுட்டரின் பின்னால் இருக்கும் சதுரத் துளை அதன் வாரிசு. ஆக, பிரிண்டரும் ஈதர்நெட்டும் ஒரே கூரையின்கீழ் வளர்ந்த பங்காளிகள். அந்தக் கூரையின்கீழ் இருந்தவர்கள் எல்லோரும் கணினி அறிஞர்கள் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

1984இல் ஹியூலெட் பேக்கார்ட் விற்ற முதல் லேசர்ஜெட்டின் விலை 3,495 டாலர். அது ஒரே ஒரு கணினியோடு இணைவது. 1991இல் வந்த லேசர்ஜெட் 3எஸ்ஐ, நெட்வொர்க் அட்டையைத் தன் உடலுக்குள்ளேயே வைத்திருந்தது. பிரிண்டர் அதன்பிறகு எந்தக் கணினிக்கும் உடைமை இல்லை, அலுவலகத்துக்குப் பொது. பொதுவான பொருளுக்குக் காவல் வேண்டும். அந்தக் காவலை யார் பார்ப்பார்கள் என்று அன்றைய விதிகளே காட்டிக்கொடுக்கின்றன. பெர்க்லி யுனிக்ஸில் புழங்கிவந்த எல்பிடி என்ற அச்சிடும் முறையை 1990இல் ஆர்எஃப்சி 1179 என்ற ஆவணம் எழுத்தில் பதிவுசெய்தது. அச்சிடக் கேட்டு வரும் கணினி 721 முதல் 731 வரையிலான போர்ட் எண்களில் ஒன்றிலிருந்துதான் பேச வேண்டும் என்கிறது அது. வெறும் பதினோரு எண்கள், ஏன்? யுனிக்ஸில் 1024க்குக் கீழுள்ள எண்களை ரூட் என்ற தலைமைக் கணக்கு மட்டுமே திறக்க முடியும். அந்த எண்ணிலிருந்து வேண்டுகோள் வந்தால், பின்னால் பொறுப்புள்ள ஒரு நிர்வாகி இருக்கிறார் என்று பொருள். கடவுச்சொல் கேட்கத் தேவையில்லை, ஆளை நம்பினால் போதும். மேசைக்கு மேசை சொந்தக் கணினி வந்து, ஒவ்வொருவரும் தத்தம் கணினிக்குத் தாமே ரூட் ஆனபின் அந்த நம்பிக்கைக்கு அர்த்தம் போய்விட்டது. விதி மட்டும் ஏட்டில் இருந்தது.

இதைவிட வெளிப்படையான சாட்சி ஓர் எண். ஹியூலெட் பேக்கார்ட் பிரிண்டர்களின் ஜெட்டைரக்ட் என்ற பழைய நெட்வொர்க் அட்டைகள், தமக்கு முகவரி தர நெட்வொர்க்கில் யாருமே முன்வராவிட்டால், 192.0.0.192 என்ற முகவரியைத் தாமே சூட்டிக்கொள்ளும். வீட்டு ரவுட்டர்களோ பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் முகவரிகளைப் பகிர்பவை. பார்வைக்குப் பக்கத்து வீடு போல இருந்தாலும் கணினியின் கணக்கில் அது வேற்றூர். அந்த முகவரிக்கு அனுப்பும் பக்கத்தை வீட்டுக் கணினி ரவுட்டரிடம் தள்ளிவிடும். ரவுட்டர் அதை வெளியே இணையத்தில் தேடப் போகும். பிரிண்டர் இரண்டடி தூரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். அந்த எண்ணைத் தேர்ந்தவர்கள் அறியாமல் செய்துவிடவில்லை. பெட்டியைப் பிரித்த நிர்வாகி தன் கணினியின் முகவரியைத் தற்காலிகமாக மாற்றி, பிரிண்டரை எட்டிப்பிடித்து, அலுவலகத்துக்கு உரிய எண்ணைத் தட்டிவிடுவார் என்பது அவர்கள் கணக்கு. அது வேலைக்கு ஆள் வரும்வரை நிற்கும் இடம்.

ரவுட்டரின் பூர்வீகம் வேறு. இணைய முகவரிகள் தீர்ந்துவிடும் என்ற கவலையில் 1994இல் நேட் என்ற முகவரி மாற்றும் முறை முன்வைக்கப்பட்டது. தனியார் நெட்வொர்க்குகளுக்கென 192.168 போன்ற தொடர்களை ஒதுக்கிய விதி 1996இல் இன்றைய வடிவம் பெற்றது. ஓர் இணைப்பைப் பல கணினிகள் பகிர வேண்டும், யாரும் எதையும் தட்டச்சு செய்யக் கூடாது: வீட்டு ரவுட்டர் என்ற சின்னப் பெட்டியின் நோக்கம் இவ்வளவுதான். வீட்டுக்குள் இருக்கும் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது அதற்குப் பக்க விளைவு. முகவரிகளைக்கூட அது டிஎச்சிபி முறையில் வாடகைக்குத்தான் விடுகிறது. நேற்று 192.168.1.5இல் அச்சடித்த பிரிண்டர், மின்வெட்டு முடிந்து எல்லாம் மறுபடி உயிர்பெறும்போது 192.168.1.9க்குக் குடிபெயர்ந்திருக்கலாம். கணினியோ பழைய வாசலில் நின்று தட்டிக்கொண்டிருக்கும். நிர்வாகி உள்ள அலுவலகத்தில் பிரிண்டருக்கு எண் நிரந்தரம், அது ஓர் ஏட்டில் எழுதியும் இருக்கும்.

இங்கே வலுவான ஒரு மறுப்பு உண்டு. நிர்வாகியே தேவைப்படாத நெட்வொர்க் பிரிண்டர் 1985இலேயே இருந்ததே? ஆப்பிளின் லேசர்ரைட்டர், விலை 6,995 டாலர். மெக்கின்டாஷ்களோடு மெல்லிய கம்பியில் அதைக் கோத்தால், ஆப்பிள்டாக் முறையில் ஒவ்வொரு கருவியும் தன் எண்ணைத் தானே தேர்ந்துகொள்ளும். திரையில் பிரிண்டரின் பெயர் தோன்றும். சுட்டியால் தொட்டால் முடிந்தது. உண்மைதான், இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இந்தச் சான்று என் வாதத்தை முறிப்பதைவிட நேராக்கவே உதவுகிறது. தானாக இணையும் வித்தை அன்றே தெரிந்திருந்தும் பெரிய அலுவலகங்கள் அதை ஏற்கத் தயங்கின. கருவிகள் ஓயாமல் கூவிக்கொண்டே இருந்ததால் பெரிய நெட்வொர்க்கில் அது சந்தைக்கடைச் சத்தம். எதை யார் பார்க்கலாம் என்ற பிடியும் அவர்கள் கையில் இல்லை. இணையத்தின் மொழியான டிசிபி ஐபி வென்றது. அந்த மொழிக்குள் ஆப்பிள்டாக்கின் சுலபத்தை மீட்டுக்கொண்டுவர 2002வரை, பின்னாளில் போன்ஷூர் என்றழைக்கப்பட்ட முறை வரும்வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று. நம் அலுவலகப் பிரிண்டர்களில் பல, இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தின் பிள்ளைகள்.

வயதுதான் காரணம் என்பவர்களுக்கு இன்னொன்று. 10 மெகாபிட் வேகத்தில் மட்டும் பேசத் தெரிந்த தொண்ணூறுகளின் அட்டையோடு இன்றைய கிகாபிட் ரவுட்டர்களில் பெரும்பாலானவை தாமாகவே வேகத்தைக் குறைத்துப் பேசுகின்றன. ஜெட்டைரக்ட் பழக்கிவைத்த 9100 என்ற போர்ட்டைப் புத்தம்புது பிரிண்டர்களிலும் காணலாம். கம்பி ஒத்துப்போகிறது, பேச்சு ஒத்துப்போகிறது. முகவரி ஒன்றுதான் இடறுகிறது. பிரிண்டரின் முன்பலகையில் அமைப்புப் பக்கத்தை அச்சிட்டு, அதிலுள்ள மேக் முகவரி என்ற அட்டையின் அடையாள எண்ணை ரவுட்டரில் பதிந்து ஓர் எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால், பெரும்பாலும் பிரச்சினை தீர்ந்துவிடும். வீட்டில் யாரோ ஒருவர் பத்து நிமிடம் நிர்வாகி உத்தியோகம் பார்த்திருக்கிறார், அவ்வளவே.

பாதுகாப்பு பற்றிய ஐயம் நியாயமானது. 9100இல் வருவது எதுவானாலும், யாரென்று கேட்காமல் அச்சிடும் இயல்பு இந்தப் பிரிண்டர்களுக்கு. 2018 இறுதியில், இணையத்துக்குத் திறந்து கிடந்த பிரிண்டர்களைத் தேடிப்பிடித்து, யூடியூபர் ஒருவருக்கு ஆதரவு கேட்கும் துண்டறிக்கையை அச்சிட வைத்தார் ஒருவர். சுமார் 50,000 பிரிண்டர்கள் என்பது அவர் சொன்ன கணக்கு. வெளியே தெரியும் முகவரியும் கவனிக்க ஆளில்லாத நெட்வொர்க்கும் சேர்ந்த இடங்களில்தான் இது எளிதில் நடந்தது. வீட்டு ரவுட்டரின் நேட் முறையோ, வெளியிலிருந்து அழைக்காமல் வரும் எதையும், தனியாகச் சொல்லிவைத்தாலொழிய, உள்ளே விடத் தெரியாதது. முகவரிப் பஞ்சத்துக்காகப் பிறந்த ஒரு வித்தை, 1991இன் பிரிண்டர் எதிர்பார்த்த வாயிற்காவலனை அதற்குத் தற்செயலாகக் கொடுத்திருக்கிறது.