தசமபாகம் வந்த வழி

ஆட்டுப்பட்டியின் வாசலை, ஒரே சமயத்தில் இரண்டு குட்டிகள் வெளியே வர முடியாதபடி குறுக்கிவிடுவார்கள். உள்ளே அந்த ஆண்டு பிறந்த குட்டிகள், வெளியே தாய் ஆடுகள். தாயின் குரல் கேட்டுக் குட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே ஓடிவரும். வாசலில் நிற்பவர் கையில் கோலோடு எண்ணிக்கொண்டே இருப்பார். பத்தாவதாக வரும் குட்டியின் மேல் சிவப்புச் சாயம் தோய்த்த கோலால் ஒரு தீற்று. அது கொழுத்த குட்டியா, நோஞ்சானா என்று பார்க்கக் கூடாது. வேறொன்றைப் பிடித்து மாற்றிவிடவும் கூடாது. லேவியராகமத்தின் கடைசி அதிகாரத்தில் இருக்கும் கட்டளை நடைமுறையில் எப்படி நிறைவேறியது என்று யூத மரபு நூல்கள் தரும் விவரிப்பு இது. அந்தப் பத்தாவது குட்டிதான் தசமபாகம்.

அங்கிருந்து புறப்பட்ட பங்கு இன்று நம் சபைகளில் மாதச் சம்பளத்தின் பத்து சதவீதமாக, பெயர் எழுதிய கவரில், காணிக்கைப் பைக்குள் விழுகிறது. கிறிஸ்தவர்கள் தசமபாகம் கொடுத்தே தீர வேண்டுமா என்ற கேள்வி பல வீடுகளில் சத்தமில்லாமல் எழுகிறது. கடன் இருக்கும் வீட்டில், பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதத்தில், அது வெறும் வேதபாடக் கேள்வியாக இருப்பதில்லை. வசனத்துக்கு வசனம் வைத்து வாதாடுவதைவிட, அந்தப் பங்கு எந்த வழியாக வந்தது, வழியில் அதை யார் யார் சாப்பிட்டார்கள் என்று பார்ப்பது நல்லது.

தொடக்கத்தில் அது சாப்பாடுதான். கானான் நிலம் கோத்திரங்களுக்குப் பங்கிடப்பட்டபோது லேவி கோத்திரத்துக்கு மற்றவர்களைப் போல நிலப்பங்கு தரப்படவில்லை. ஆலயப் பணி அவர்களுடையது. எனவே மற்றவர்களின் தானியத்திலும் திராட்சரசத்திலும் எண்ணெயிலும் பத்தில் ஒன்று அவர்களுக்குப் போகட்டும் என்கிறது எண்ணாகமம் 18ஆம் அதிகாரம். லேவியரும் தமக்கு வந்ததில் பத்தில் ஒன்றை ஆசாரியருக்குக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவருக்கும் அந்தக் கடமை உண்டு.

உபாகமம் 14ஆம் அதிகாரம் காட்டுவது வேறொரு காட்சி. அங்கே விளைச்சலின் பத்தில் ஒன்றைக் குடும்பம் ஆண்டவர் தெரிந்துகொள்ளும் இடத்துக்குக் கொண்டுபோய், அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தூரம் அதிகமென்றால் விற்றுப் பணமாக்கிக்கொண்டு போகலாம். போன இடத்தில் ஆடோ மாடோ திராட்சரசமோ மனதுக்குப் பிடித்ததை வாங்கி, வீட்டாரோடு மகிழ்ந்து விருந்துண்ண வேண்டும். ஊரிலிருக்கும் லேவியனையும் மறக்கக் கூடாது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளின் அசனப் பண்டிகையைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. ஆளாளுக்கு அரிசியும் ஆடும் காய்கறியும் கொடுக்க, கோயில் வளாகத்தில் அடுப்பு மூட்டி, பெரிய அண்டாக்களில் சமைத்து, வந்தவர்களுக்கெல்லாம் பரிமாறுவார்கள். தசமபாகத்தைப் பற்றிய பிரசங்கங்களில் இந்த விருந்தைப் பற்றி ஒரு வார்த்தை வருவது அபூர்வம். எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

மூன்றாம் ஆண்டில் அந்தப் பங்கு ஊரைவிட்டு வெளியே போகாது. ஊர்வாசலுக்குள்ளேயே சேர்த்துவைக்கப்படும். நிலமில்லாத லேவியன், பிழைக்க வந்த பரதேசி, தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, விதவை ஆகியோர் வந்து வயிறார உண்ண வேண்டும். ஏழாம் ஆண்டில் நிலத்துக்கே ஓய்வு. முதலாம் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ், லேவியருக்கானது, விருந்துக்கானது, ஏழைகளுக்கானது என்று மூன்று பங்குகளாகவே கணக்குச் சொல்கிறார். ஆக, ஆண்டுக்கு நேர் பத்து சதவீதம் என்ற கணக்கு மோசேயின் சட்டத்திலேயே அவ்வளவு சுலபமாக நிற்பதில்லை. சட்டம் சொல்வது நிலத்தின் விளைச்சலையும் மந்தையையும் பற்றி. தச்சர், மீனவர், கூலிக்காரர் கையில் வாங்கும் ஊதியத்தில் பத்தில் ஒன்று என்று அதில் எங்கும் எழுதப்படவில்லை.

நாடு கடத்தப்பட்ட யூதர்கள் பாபிலோனிலிருந்து திரும்பிய பிறகு ஆலயப் பண்டசாலையில் சிக்கல் வந்தது. தானியம் சேர்த்துவைக்க வேண்டிய ஆலய அறை ஒன்றை ஆசாரியன் எலியாசிப் தன் சம்பந்தக்காரனான தொபியாவுக்கு ஒதுக்கிக் கொடுத்துவிட்டான். லேவியருக்குச் சேர வேண்டியது சேரவில்லை. அவர்கள் பாடுவதையும் பணிவிடையையும் விட்டுவிட்டு அவரவர் வயலுக்குப் பிழைக்கப் போனார்கள். நெகேமியா வந்து தொபியாவின் தட்டுமுட்டுச் சாமான்களை வெளியே எறிந்தார், அறைகளைச் சுத்தம் செய்யச் சொன்னார், நம்பத்தக்க ஆட்களைப் பொறுப்பாக வைத்தார். ஏறக்குறைய அதே காலத்துக் குரல்தான் மல்கியா. இன்று தசமபாகப் பிரசங்கம் என்றாலே எடுக்கப்படும் வசனம் மல்கியா 3:10. பண்டசாலைக்குக் கொண்டுவாருங்கள், வானத்தின் பலகணிகள் திறக்கும் என்ற வாக்கு. அதே அதிகாரத்தில் ஐந்து வசனம் மேலே போனால், கூலிக்காரனின் கூலியைப் பிடித்துக்கொள்கிறவர்களையும், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்களையும், பரதேசியின் வழக்கைப் புரட்டுகிறவர்களையும் தேவன் எச்சரிக்கிறார். பத்தாம் வசனத்தைப் படிக்கிறவர் ஐந்தாம் வசனத்தையும் படிக்க வேண்டும்.

இயேசு தசமபாகத்தைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு. தோட்டத்துக் கீரையிலும் சீரகத்திலும்கூடப் பத்தில் ஒன்று எண்ணிக் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் கைவிட்ட பரிசேயரிடம், இவற்றைச் செய்ய வேண்டும், அவற்றையும் விடக் கூடாது என்றார். ஆலயம் நின்றுகொண்டிருந்தபோது, நியாயப்பிரமாணத்துக்கு உட்பட்ட யூதர்களிடம் சொன்ன சொல் அது. கி.பி. 70இல் ரோமானியப் படை அந்த ஆலயத்தை எரித்தது. லேவியரின் பணி நின்றது. பழைய ஏற்பாடு சொன்னபடி தசமபாகத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க இடமும் இல்லாமல் போனது.

அதற்கு முன்பே ஒரு முக்கியமான தீர்மானம் நடந்துவிட்டது. யூதரல்லாத கிறிஸ்தவர்கள் மோசேயின் சட்டத்தில் எதையெல்லாம் கைக்கொள்ள வேண்டும் என்று எருசலேமில் அப்போஸ்தலர்கள் கூடிப் பேசினார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரத்தில் அந்தப் பட்டியல் இருக்கிறது: விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெரித்துக் கொல்லப்பட்டது, வேசித்தனம். இவற்றுக்கு விலகியிருக்கச் சொன்னார்கள். தசமபாகம் பட்டியலில் இல்லை. எருசலேமின் ஏழைகளுக்காக நாடு நாடாகக் காணிக்கை திரட்டிய பவுலும், வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கபடி எடுத்துவையுங்கள், கட்டாயத்தினால் அல்ல, மனதில் நிர்ணயித்தபடி கொடுங்கள் என்றே கொரிந்தியருக்கு எழுதினார். பத்தில் ஒன்று என்று சொல்லியிருந்தால் வசூல் எளிதாக நடந்திருக்கும். அவர் சொல்லவில்லை.

கி.பி. 200ஐ ஒட்டிய ஆண்டுகளில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரிலிருந்து எழுதிய தெர்த்துல்லியன் தம் சபையின் உண்டியலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். மாதத்துக்கு ஒரு முறை, விரும்பியவர், முடிந்தால், முடிந்த அளவு போடுவார்கள், யாரையும் நெருக்குவதில்லை. ஏழைகளுக்குச் சோறு, அவர்களுக்கு அடக்கச் செலவு, பெற்றோரை இழந்த பிள்ளைகள், வயதாகி ஒடுங்கிய வேலைக்காரர்கள், கப்பல் உடைந்து தப்பியவர்கள், விசுவாசத்துக்காகச் சுரங்கத்திலும் சிறையிலும் கிடப்பவர்கள் என்று செலவுக் கணக்கும் தருகிறார். அவருக்கு முன்பே லியோன் நகர ஆயர் ஐரேனியஸ், யூதர்கள் பத்தில் ஒன்றைப் படைத்தார்கள், விடுதலை பெற்றவர்களோ தங்களுக்குள்ள எல்லாவற்றையும் ஆண்டவருடையதாகக் கருதுகிறார்கள் என்று எழுதினார். பங்கு குறைந்துவிட்டது என்று அவர் நினைக்கவில்லை. கட்டாயம் போய்விட்டது என்றே நினைத்தார்.

கட்டாயம் திரும்பி வந்தது மெதுவாகத்தான். கி.பி. 585இல் இன்றைய பிரான்சில் உள்ள மாக்கோன் நகரில் கூடிய ஆயர்கள், தசமபாகம் கொடுக்காதவர்களைச் சபையைவிட்டு விலக்கலாம் என்று தீர்மானித்தார்கள். 779இல் பிராங்கிய மன்னர் சார்லமேன் அதை அரசாணையாக்கினார். அதன் பிறகு அது வரி. போரில் தோற்கடித்து ஞானஸ்நானம் கொடுக்கப்பட்ட சாக்சன் மக்கள் மீதும் அது சுமத்தப்பட்டது. சார்லமேனின் அவையிலேயே இருந்த பேரறிஞர் அல்குயின் 796இல் இதை எதிர்த்துக் கடிதங்கள் எழுதினார். விசுவாசத்தில் ஊறி வளர்ந்த நமக்கே முழுத் தசமபாகம் கொடுப்பது பாரமாயிருக்கிறது, புதிதாக வந்த இவர்கள் எப்படித் தாங்குவார்கள், அப்போஸ்தலர்கள் இப்படி வசூலித்தார்களா என்று கேட்டார். பன்னிரண்டு நூற்றாண்டுகள் ஆகியும் அந்தக் கேள்வியின் கூர் மழுங்கவில்லை.

இங்கிலாந்தில் இந்தப் பங்கு வயலின் நடுவிலேயே நின்றது. அறுத்துக் கட்டிய கதிர்க்கட்டுகளில் ஒவ்வொரு பத்தாவது கட்டின் மேலும் பச்சை இலைக்கொத்தைச் செருகுவார்கள். பாதிரியாரின் வண்டி அதைத் தூக்கிக்கொண்டு போகும். பால், முட்டை, கம்பளி, பன்றிக்குட்டி எல்லாவற்றிலும் பத்தில் ஒன்று. 16ஆம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது, அந்த மடங்களுக்குப் போய்க்கொண்டிருந்த தசமபாக உரிமை பல இடங்களில் பிரபுக்களுக்கு விற்கப்பட்டது. ஜெபத்துக்கும் ஏழைக்கும் தொடர்பில்லாத நிலச்சுவான்தார் ‘தேவனுடைய பங்கை’ வாங்கிக்கொண்டார். மனசாட்சியின் பேரில் கொடுக்க மறுத்த குவேக்கர்கள் சிறைக்குப் போனார்கள்.

அயர்லாந்தில் நடந்ததுதான் இந்தப் பயணத்தில் மிகக் கொடுமையான பகுதி. அங்கே பெரும்பான்மையோர் கத்தோலிக்கர். அவர்கள் காலடி வைக்காத ஆங்கிலிக்கன் திருச்சபைக்கு அவர்களே தசமபாகம் கட்ட வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் மேய்ச்சல் நிலத்துக்கு நடைமுறையில் விலக்கு கிடைத்துவிட்டதால், ஆயிரக்கணக்கில் மாடு மேய்த்த பெரிய பண்ணைக்காரர் தப்பினார். தெற்கே உருளைக்கிழங்குப் பாத்தி வைத்திருந்த ஏழையிடம் வசூல் நடந்தது. கட்ட முடியாதவர்களின் ஆடுமாடுகள் ஜப்தி செய்யப்பட்டன. 1830களில் ஊர்கள் கூடி மறுத்தன. 1834 டிசம்பர் 18 அன்று கார்க் மாவட்டத்தின் ரத்கார்மக் அருகே படையினர் வந்து இறங்கினார்கள். விவகாரம், ஒரு விதவை பாக்கி வைத்திருந்த 40 ஷில்லிங். அவர் வீட்டு முற்றத்தைக் காக்க நின்றவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் இறந்தார்கள்.

உபாகமம் 14ஆம் அதிகாரத்தில் தசமபாகத்தை உண்ண வேண்டியவர்கள் பட்டியலில் விதவை இருக்கிறார். ரத்கார்மக்கில் அதே தசமபாகத்துக்காக விதவையின் வாசலில் துப்பாக்கி வெடித்தது. பயணம் எங்கே திசை மாறியது என்று கேட்பவருக்கு நான் இந்த இரண்டு இடங்களையும் காட்டுவேன்.

பிறகு சட்டங்கள் வந்தன. பிரெஞ்சுப் புரட்சியாளர்கள் 1789 ஆகஸ்டிலேயே தசமபாகத்தை ஒழித்திருந்தார்கள். இங்கிலாந்து 1836இல் அதைப் பண வாடகையாக மாற்றியது. கோதுமை, பார்லி, ஓட்ஸ் ஆகியவற்றின் ஏழாண்டுச் சராசரி விலையை வைத்துத் தொகை நிர்ணயிக்கப்பட்டது. 1936இல் அந்த வாடகையும் நீக்கப்பட்டு, 1977இல் கடைசி மிச்சமும் போனது.

ஆனால் பங்கு அதற்குள் அட்லாண்டிக்கைத் தாண்டிவிட்டது. அரசு ஆதரவில்லாத அமெரிக்கத் திருச்சபைகளுக்குப் போதகர் சம்பளமும் ஊழியச் செலவும் உறுப்பினர் கையிலிருந்தே வர வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் சிகாகோ தொழிலதிபர் தாமஸ் கேன் போன்றவர்கள், பத்தில் ஒன்று கொடுப்பவரைக் கடவுள் செழிக்கச் செய்கிறார் என்று துண்டுப்பிரசுரங்களை அச்சிட்டுப் பரப்பினார்கள். கதிர்க்கட்டு சம்பளமானது, பண்டசாலை உள்ளூர்ச் சபையின் கணக்கானது. நியாயப்பிரமாணத்துக்கு முன்பே ஆபிரகாம் மெல்கிசேதேக்குக்குத் தசமபாகம் கொடுத்தார், ஆகவே அது என்றைக்கும் உரியது என்ற வாதமும் வலுப்பெற்றது. ஆபிரகாம் கொடுத்ததாக வேதம் சொல்வது ஒரே ஒரு முறை, போரில் கிடைத்த கொள்ளைப்பொருளிலிருந்து. விருத்தசேதனமும் ஆபிரகாமின் காலத்ததுதான். அது கிறிஸ்தவருக்குக் கட்டாயமில்லை என்று பவுல் போராடினார். ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் கட்டாயமாக்க முடியாது.

தமிழ்நாட்டுச் சபைகளுக்கு வேறொரு வழியும் உண்டு. சமைக்கும்போது அம்மாமார் எடுத்துவைக்கும் கைப்பிடி அரிசி, அறுப்பின் பண்டிகையில் முதல் குலையும் கோழியும் தேங்காயும் வந்து ஏலம் போவது, சங்கக் காணிக்கை எல்லாம் நம் கிராமச் சபைகளில் ஊறிய பழக்கம். 1903இல் திருநெல்வேலியில் வே. ச. அசரியாவும் நண்பர்களும் இந்திய மிஷனெரிச் சங்கத்தைத் தொடங்கியபோது, இந்தியரின் பணம், இந்தியரின் ஊழியர், இந்தியரின் நிர்வாகம் என்றே முடிவெடுத்தார்கள். பனையேறிகளும் விவசாயிகளும் பள்ளி ஆசிரியர்களும் கொடுத்த காசில் மிஷனெரிகள் தெலுங்கு பேசும் பகுதிக்கு அனுப்பப்பட்டார்கள். மிசோரத்திலும் வீட்டுக்கு வீடு பெண்கள் ஒவ்வொரு வேளைச் சமையலுக்கு முன்பும் எடுத்துவைக்கும் கைப்பிடி அரிசி நூறாண்டுக்கு மேலாகச் சபைப் பணிகளைத் தாங்குகிறது.

எனவே என் தீர்ப்பு இது: இன்றைய கிறிஸ்தவருக்குத் தசமபாகம் கட்டாயமில்லை. கொடுக்காதவரைச் சாபம் பிடிக்கும் என்று மிரட்டுவதும், கொடுத்தவர் பெயரைப் பலகையில் எழுதுவதும், நோயாளியின் வீட்டில் பாக்கிக் கணக்குப் பார்ப்பதும் சுவிசேஷத்துக்கு விரோதம். அதே சமயம், கட்டாயமில்லை என்பதைச் சாக்காக வைத்துக் கையை மூடிக்கொள்ளலாம் என்றும் யாரும் எண்ண வேண்டாம். உழைக்கும் போதகருக்குச் சம்பளம் கொடுப்பது சபையின் கடமை. வசதியுள்ளவருக்குப் பத்தில் ஒன்று மிகச் சிறிய தொகை. மனமுவந்து பத்தில் ஒன்றையே அளவாக வைத்துக்கொள்கிறவர்களின் பக்தியை நான் மதிக்கிறேன்.

தசமபாகம் கேட்கும் சபைப் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் நிதியில் மூன்றாம் ஆண்டின் பங்கை முதலில் பிரித்துவையுங்கள். உங்கள் தெருவில் இருக்கும் விதவைக்கும், பெற்றோரில்லாத பிள்ளைக்கும், வேலை தேடி வெளிமாநிலத்திலிருந்து வந்தவருக்கும் அதிலிருந்து எவ்வளவு போனது என்று ஆண்டுக்கொரு முறை சபையார் முன்னிலையில் வாசியுங்கள். கொடுக்கிறவர்களும் அந்தக் கணக்கைக் கேளுங்கள்.