பழந்துப்பாக்கிகள் பகரும் வரலாறு

நாணயம் திரட்டுவோரும் தபால் தலை சேர்ப்போரும் நம்மிடையே பலர் உளர். பழைய படைத் துப்பாக்கிகளையும் போலீஸ் துப்பாக்கிகளையும் தேடித் திரட்டுவோரும் உலகில் உண்டு. கொலைக் கருவியைப் போற்றுவதா என்று சிலர் வினவக்கூடும். ஆயின், நம்மை ஆண்டவர் நம்மை எவ்வளவு நம்பினர் என்பதை இவ்விரும்புக் குழல்கள் ஏட்டினும் தெளிவாக உரைக்கின்றன.

கார்பைன் என்பது நீளம் குறைந்த துப்பாக்கி. குதிரைமீது அமர்ந்து நெடுந்துப்பாக்கியைக் கையாளுதல் அரிது. ஆதலின் குதிரைப்படையினருக்கென அது குறுக்கிச் செய்யப்பட்டது. சுமந்து திரிய எளிது என்பதனால் பின்னர்ப் போலீசார் கைக்கும் வந்தது.

1853-ஆம் ஆண்டின் என்பீல்டு துப்பாக்கியில் குழலினுள் சுருள்வரிகள் வெட்டப்பட்டிருந்தன. குண்டு சுழன்று சென்று தொலைவிலுள்ள குறியையும் தாக்கியது. அதன் கொழுப்புத் தடவிய தோட்டாவே 1857-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பொறியாயிற்று என்பதை யாவரும் அறிவோம். புரட்சி அடங்கியபின் இந்தியச் சிப்பாய்களுக்கென வேறு துப்பாக்கி வந்தது. புறத்தோற்றம் என்பீல்டே, உட்குழலிலோ சுருள்வரி இல்லை! தொலைவில் அதன் குறி நில்லாது.

அதன்பின் வெள்ளையர் படைக்கு 1871-இல் மார்ட்டினி-ஹென்றி வந்தது. அவர்கள் கழித்த ஸ்னைடர் இந்தியருக்கு வந்தது. 1888-இல் அவர்கள் லீ-மெட்போர்டு என்னும் புதுத் துப்பாக்கியை ஏற்றனர்; மார்ட்டினி இந்தியரை அடைந்தது. எப்பொழுதும் ஒரு படி பின்னே!

பொதுமக்கள் நிலையோ இதனினும் தாழ்ந்தது. 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கோ விலக்கு. இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயை அடைத்த சட்டமும் அதே ஆண்டில்தான் பிறந்தது.

சியால்தாவிலிருந்து ராணாகாட் செல்லும் ரயில் பாதையில் இச்சாப்பூர் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள தொழிற்சாலையில் போலீசாருக்கென .410 மஸ்கெட்டுகள் உருவாயின. படையின் .303 துப்பாக்கியை எடுத்து, உட்குழலைச் சுருள்வரியின்றி அகலக் குடைந்து, தோட்டாப் பெட்டியின் இடத்தை மரக்கட்டையால் அடைத்தனர். ஒரு முறைக்கு ஒரு தோட்டாதான் இடலாம். சட்டம் சொல்லாமல் விட்டதை அம்மரக்கட்டை சொல்லிவிடுகிறது.

1930 ஏப்ரல் 18-ஆம் நாள் சூர்யா சென் தலைமையில் வங்க இளைஞர்கள் சிட்டகாங் ஆயுதசாலைகளைக் கைப்பற்றினர். துணைப்படையின் சாலையில் ரைபிள்களும் லூயிஸ் துப்பாக்கிகளும் இருந்தன; அவற்றுக்குரிய தோட்டாக்கள் அகப்படவில்லை. போலீஸ் மஸ்கெட்டுகளை ஏந்தியே நான்கு நாட்களுக்குப்பின் ஜலாலாபாத் குன்றில் அரசுப் படையை எதிர்த்துப் பலர் உயிர் நீத்தனர். ஆள்வோர் வகுத்த ஆயுத வேற்றுமையின் விலையை அவ்விளைஞர்கள் குருதியால் செலுத்தினர்.

சுதந்திர நாட்டிலும் .303 நெடுங்காலம் பணிபுரிந்தது. உத்தரப்பிரதேசப் போலீசார் 2020-ஆம் ஆண்டுக் குடியரசு நாள் அணிவகுப்பில்தான் அதற்கு விடை கொடுத்தனர்.

பழந்துப்பாக்கி திரட்டுவோர் இரண்டை மறத்தலாகாது. முதலாவது சட்டம்: பழுது பார்த்தாலும் சுட இயலாத பழம்பொருளுக்கே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் விலக்களிக்கிறது, சுடத்தக்கதாயின் உரிமம் வேண்டும். இரண்டாவது, துருவை நீக்குகிறோம் என்று அரத்தால் தேய்த்தலாகாது. முடிச் சின்னமும், ஆண்டும், தொழிற்சாலைக் குறியும் அழிந்தால் வரலாறே அழியும்.

அருங்காட்சியகத்தில் மணி பதித்த வாளின் முன் நாம் நெடுநேரம் நிற்கிறோம். அடுத்த முறை நம் மக்களை அழைத்துச் செல்லுங்கால், மூலையில் கிடக்கும் அழகற்ற போலீஸ் துப்பாக்கியையும் அவர்களுக்குக் காட்டுவோமாக. அடிமை வாழ்வு இன்னதென அது அவர்களுக்கு உணர்த்தும்.