நாகூரார் பெயர் சென்ற கரை

மாதவரம், திருவொற்றியூர் பகுதிகளில் நம் வீட்டுப் பிள்ளைகள் சிலருக்கு இன்று அலுவலகம் என்று ஓரிடம் இல்லை. மடிக்கணினியும் இணைய இணைப்பும் இருக்கும் இடமே பணியிடம். தம்மை ‘டிஜிட்டல் நாடோடிகள்’ என்று அழைத்துக்கொள்ளும் இவர்களிடையே, பார்படோஸ் அரசு 2020 ஜூலையில் தொலைப்பணியாளர்களுக்கு 12 மாதத் தங்கல் அனுமதி வழங்கத் தொடங்கியது முதல், கரீபியன் தீவுகளின் பெயர் அடிக்கடி அடிபடுகிறது. அப்பக்கம் செல்ல எண்ணுவோர், பிரான்சின் ஆளுகையிலுள்ள மார்தினிக் தீவின் சான்-பியேர் துறைமுகத்தையும் பார்த்து வர வேண்டும். கடற்கரை அழகுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன் அத்துறையில் இறங்கியவர்கள் தமிழ் பேசினார்கள்.

பிரான்ஸ் 1848இல் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. அவர்களின் பார்வை புதுச்சேரி, காரைக்கால் பக்கம் திரும்பியது. 1853 மே 6 அன்று ‘ஒரேலி’ என்னும் கப்பல் 300க்கும் மேற்பட்டோரைச் சான்-பியேரில் இறக்கியது. அடுத்த 30 ஆண்டுகளில் மார்தினிக்கிற்குச் சுமார் 25,000 பேரும், அருகிலுள்ள குவாதலூப்பிற்கு 40,000க்கும் மேற்பட்டோரும் சென்றனர். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி மாதக்கணக்கில் பயணம். பின் 5 ஆண்டு ஒப்பந்தம். ஆங்கிலேயர் வசமிருந்த கயானா, டிரினிடாட் முதலிய இடங்களுக்கு நம் சென்னைக் கரையிலிருந்தும் ஆட்கள் ஏற்றப்பட்டனர். அன்று இங்கே துறைமுகச் சுவர் ஏதும் கிடையாது. அலைகளை மசூலாப் படகில் கடந்து, நங்கூரமிட்டு நின்ற கப்பலை அடைய வேண்டும். இராயபுரத்திற்கு 1856இல் இரயில் வந்துவிட்டது. துறைமுகப் பணியோ 1870களில்தான் தொடங்கியது.

மார்தினிக் சென்றவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்துக்கள். முஸ்லிம்கள் சிறுபான்மையினர். ஆயினும் அத்தீவிலும் குவாதலூப்பிலும் தமிழ் மரபுக் கோயில்களில் மாரியம்மனோடும் மதுரை வீரனோடும் இன்றுவரை வணங்கப்படும் ஒரு பெயர் ‘நாகூர் மீரா’. பிரெஞ்சு நாவிலும் கிரியோல் நாவிலும் புரண்டு சற்றே உருமாறிய அப்பெயர் யாருடையது என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாகூர் ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ் அவர்களையே அது குறிக்கிறது. காரைக்காலில் கப்பலேறியவர்களுக்கு நாகூர் மிக அருகில். கடலோடிகளின் காவலராக மதம் கடந்து நேர்ச்சை செய்யப்பட்டவர் அவர். தர்காவின் மிக உயர்ந்த மினாராவை எழுப்பியவரே தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் அல்லவா? கடலை உயிரோடு கடந்தவர்கள், தீவிலும் உயர்ந்த கம்பம் நட்டுக் கொடியேற்றி அவருக்கு நன்றி செலுத்தினர். அவர்களின் வழித்தோன்றல்கள் பலர் இன்று கத்தோலிக்கர்கள். ஞாயிறன்று தேவாலயம் செல்பவரே மற்றொரு நாள் நாகூர் மீராவின் கொடிக்கம்பத்தடியில் நிற்பதும் உண்டு. (தர்கா மரபு குறித்து நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை அறிவேன். இங்கே பேசுவது வரலாற்றை மட்டுமே.)

வியப்புக்குரியது இதுதான்: நாகூராரின் பெயரை அங்கே காத்தவர்கள் முஸ்லிமல்லாதவர்கள். அக்கப்பல்களில் சென்ற முஸ்லிம்களின் ஜமாஅத் நிலைக்கவில்லை. இன்று மார்தினிக்கிலுள்ள சிறு முஸ்லிம் சமூகம் பெரும்பாலும் பிற்காலத்தில் வந்த அரபு, ஆப்பிரிக்கக் குடும்பங்களாலும் புதிதாக இஸ்லாத்தை ஏற்றவர்களாலும் உருவானது. டிரினிடாட்டின் கதை வேறு. 1845 மே 30 அன்று ‘ஃபத்ஹுர் ரஸாக்’ கப்பல் போர்ட் ஆஃப் ஸ்பெயின் அருகே வந்து நின்றது முதல், வட இந்தியாவிலிருந்து தொடர்ந்து ஆட்கள் சென்றனர். அங்கே முஸ்லிம்கள் எண்ணிக்கையில் மிகுந்திருந்தனர், பள்ளிவாசல் கட்டினர், ஓதிக்கொடுக்க ஆளிருந்தது. மார்தினிக்கிலோ தோட்டத்திற்கு ஒருவர் இருவராகச் சிதறியவர்களுக்கு ஜும்ஆ நடத்தவும் வழியில்லை, பிள்ளைக்குச் சூரா சொல்லித்தர மதரஸாவும் இல்லை. நம்பிக்கை தளர்ந்தது என்று அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

சான்-பியேரே இன்று பாதி நினைவுச் சின்னம். 1902 மே 8 காலையில் பெலே எரிமலை வெடித்து, சில நிமிடங்களில் 28,000 பேர் அளவில் மாண்டனர். ‘அண்டிலீசின் பாரிஸ்’ எனப் புகழப்பட்ட நகரம் சாம்பலாயிற்று. கருகிய நாடக அரங்கின் படிகளும், சிறைக் கைதி ஒருவர் உயிர் தப்பிய கல்லறை போன்ற அறையும் எஞ்சியுள்ளன. அங்கிருந்து வடகோடியில் உள்ள பாஸ்-புவாந்த் வட்டாரத்தில்தான் தமிழ் மரபு அதிகம் தங்கியிருக்கிறது. கவிஞர் எமே செசேர் பிறந்த ஊரும் அதுவே. உணவகங்களில் ‘கொலொம்போ’ என்று கேட்டால், மல்லி, மஞ்சள், சீரகம் மணக்கும் ஆட்டுக்கறிக் குழம்பு வரும். மணம் பழக்கமானது என்பதற்காக உடனே கைவைத்துவிட வேண்டாம்; ஹலால்தானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பணி நிமித்தம் தங்கப் போகிறவருக்கு இரண்டொரு செய்திகள். மார்தினிக் நேரம் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்தங்கியது. சென்னை அலுவலகத்தில் காலை 9 மணி என்றால் அங்கே முந்தைய இரவு 11:30. நம் அலுவலக நேரப்படி பணிபுரிபவர் பஜ்ருக்கு விழித்தே இருப்பார். அசதியில் தவறிப்போகக்கூடியது லுஹர்தான். மாதக்கணக்கில் தங்கும் எண்ணத்தோடு செல்பவர், ‘நான் பயணி’ என்று தொழுகையைச் சுருக்க இயலாது. வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க நாடினாலே ஷாஃபிஈ மத்ஹபில் கஸ்ர் இல்லை. ஹனஃபியில் அந்த எல்லை 15 நாள்.

கிப்லாவும் மாறும். இங்கே நாம் மேற்குக்குச் சற்று வடக்கே முகம் திருப்புகிறோம். அங்கே கிழக்குக்குச் சற்று வடக்கே, கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா இருக்கும் பக்கம் நோக்க வேண்டும். இன்று கைபேசி அதைக் காட்டிவிடுகிறது. 1853இல் தோட்டத்துக் குடிசையில் விரிப்பை விரித்த மனிதர், ஊரில் சூரியன் மறையும் திசையில் தொழுதவர், அதைத் தாமாகவே கணித்துக்கொள்ள வேண்டியிருந்தது.